புரோட்டான் சிகிச்சை அப்பாவின் கழுத்தை வேகவைத்துவிடுமா?

கேள்வி: குளச்சலிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இனி சென்னையில் 6 வாரம் புரோட்டான் கதிர் வைக்க வேண்டுமாம். கழுத்து வெந்துவிடும், குழந்தையைப் பக்கத்தில் விடாதே என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என் 3 வயது மகன் தாத்தாவை விட்டு நகரமாட்டான். என்ன செய்வது?

பதில்: பேரன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தாராளமாக மடியில் உட்காரட்டும். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது, அதிலிருந்து எந்நேரமும் கதிர் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பக்கத்தில் பயம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புரோட்டான் என்பது அணுவுக்குள் இருக்கும் நுண்துகள். அதை இயந்திரத்தால் செலுத்தும் இந்தச் சிகிச்சை அப்படியல்ல. இயந்திரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். உடம்பில் உண்டாகும் துளி கதிரியக்கமும் சீக்கிரமே தணிந்துவிடும், வீட்டாருக்கு அதனால் ஆபத்தில்லை.

நாம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிற வழக்கமான சிகிச்சையில் எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழம் வரை போய், பெரும்பகுதி ஆற்றலை அங்கே இறக்கிவிட்டு நின்றுவிடும். அப்பாவுக்கு நோய் ஒரு பக்கம்தான் என்பதால் நாக்கும் எதிர்க் கன்னமும் பெரும்பாலும் தப்பிக்கும். வாய்ப்புண், ருசி மாறுவது, குமட்டல் எல்லாம் குறைய வாய்ப்புண்டு. இது நேற்று வந்த வித்தையுமல்ல, 1954-லேயே அமெரிக்காவின் பெர்க்லியில் நோயாளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காக ‘பக்கவிளைவே கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் விஷயத்தில் புரோட்டானுக்குப் பெரிய சலுகை இல்லை. எக்ஸ் கதிரில் மேல்தோல் ஓரளவு தப்பும், இதில் சில சமயம் கூடுதலாகவே சிவக்கும். கதிர் வைக்கப் படுத்திருக்கும்போது சூடோ வலியோ தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் காதுக்குக் கீழே சிவந்து, கருத்து, அரிக்கும். அந்த இடத்துத் தாடிமுடி உதிரும். கடைசி வாரங்களில் தோல் உரியலாம். சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வாரம் போல இது கூடிவிட்டு அப்புறம்தான் ஆறத் தொடங்கும். ‘முடிந்த பிறகு ஏன் மோசமாகிறது?’ என்று பதறாதீர்கள்.

காலர் வைத்த சட்டை வேண்டாம், அந்த விளிம்பு உரசியே புண்ணாகும். தோளில் துண்டு போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்தட்டும். அந்த இடத்தில் பிளேடு படக்கூடாது. குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவும் நம்மூர்ப் பழக்கத்துக்கும் விடுமுறை. மருத்துவமனையில் தரும் கிரீம் மட்டும் போதும். வெற்றிலை, புகையிலை இருந்தால் இன்றே விடவேண்டும். பல் டாக்டரைச் சிகிச்சைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது எடையைப் பற்றி. கதிர் வைக்கும்போது தலை அசையாமலிருக்க அப்பாவின் முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலைமுகமூடி செய்வார்கள். அவர் மெலிந்தால் அது தொளதொளக்கும். கன்னம் ஒட்டினால் புரோட்டான் நிற்கவேண்டிய ஆழமும் மாறிவிடும். முகமூடி தளர்ந்தால் அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும், மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்துவார்கள். மெல்லக் கஷ்டமானால் பயறு போட்டுக் குழைத்த கஞ்சி, அவித்து மசித்த ஏத்தம்பழம், முட்டை, முள் நீக்கிய மீன் கொடுங்கள். மிளகாய் அரைத்த குழம்பு பிறகு பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவும் கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்கட்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, தோலில் நீர் கசிந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சனி, ஞாயிறு சிகிச்சை இருக்காது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்துபோகலாமா என்று அப்பா கேட்பார். முதல் மூன்று வாரம் சரி. அதற்குப் பிறகு அசதி ஆளைத் தள்ளும், அப்போது பேரனைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.