கல்யாண ஃபோட்டோ அசையணும், ஆனா ஆளு மாறக்கூடாது

கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு அடுத்த மாசம் சதாபிஷேகம். மண்டபத்துல ஸ்க்ரீன்ல ஓட விடலாம்னு அப்பா அம்மாவோட 1971 கல்யாண ஃபோட்டோவ ஏஐ-ல குடுத்து வீடியோவா மாத்திப் பாத்தேன். 'இந்த ஃபோட்டோவ உயிரோட்டமா, ரொம்ப அழகா, சினிமா மாதிரி வீடியோவா மாத்து, ரெண்டு பேரும் சந்தோஷமா சிரிக்கணும்'னுதான் போட்டேன். வந்தது யாரோ. அம்மா மூக்குத்தி பக்கம் மாறிடுச்சு, அப்பா திடீர்னு அம்மாவ கட்டிப்புடிக்கறாரு, தாத்தா முன்னாடி அதெல்லாம் நடக்குமா! கடைசில ஒரு கை எக்ஸ்ட்ராவா வேற வருது. அஞ்சாறு தடவ ட்ரை பண்ணி க்ரெடிட் எல்லாம் காலி. அப்பாவோட பழைய ஸ்கூட்டர் ஃபோட்டோ ஒண்ணும் இருக்கு, அதையும் ஓட வைக்கணும். ப்ராம்ப்ட் எப்படித்தான் எழுதறது?"

உங்க ப்ராம்ப்ட்ட, அதாவது ஏஐ-க்கு நீங்க எழுதிக் குடுத்த வரிய, ரெண்டு தடவ படிச்சேன். அதுல எது அசையணும்னு சொல்ற வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, "சிரிக்கணும்". உயிரோட்டமா, அழகா, சினிமா மாதிரி, இதெல்லாம் நமக்குப் புரியும், ஆனா கை எங்க போகணும் தலை எவ்ளோ திரும்பணும்னு அதுல ஒரு தகவலும் கெடையாது. அப்ப அந்த எடத்த மாடல், அதாவது வீடியோ வரையற அந்த ஏஐ, தானா ரொப்பிக்கும். அது கத்துக்கிட்ட லட்சக்கணக்கான வீடியோல மாலையும் கழுத்துமா நிக்கற ஜோடி என்ன பண்ணுது, கட்டிப்புடிக்குது, சுத்துது, கேமராவ பாத்து பல்லு தெரிய சிரிக்குது. அதத்தான் உங்க அப்பாவும் பண்ணாரு, பாவம் அவர சொல்லி குத்தமில்ல.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா ப்ராம்ப்ட் எழுதறது பாதி வந்துடும். கூகுளோட ஏஐ ஜெமினில 2025 ஜூலைல வந்த ஃபோட்டோ டு வீடியோ ஆப்ஷன் 8 செகண்ட் க்ளிப் குடுக்குது, செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம்னு வச்சா 192 ஃப்ரேம். அதுல நீங்க குடுத்த ஃபோட்டோ மொத ஃப்ரேம், மிச்சம் 191-ஐயும் அது கற்பனைல வரையுது. நீங்க டைப் பண்றது அந்த 191-க்குத்தான். அதனால "பட்டுப்புடவை கட்டுன பொண்ணு, பக்கத்துல வேஷ்டி சட்டைல மாப்பிள்ளை, கழுத்துல மாலை"ன்னு ஃபோட்டோவயே திருப்பி வர்ணிக்கறது வேஸ்ட், அதுக்கு கண்ணு இருக்கு, பாத்துடுச்சு. வேஸ்ட் மட்டும்னா பரவால்ல, சில சமயம் அதுவே வெனையாயிடும். ஒருத்தர் கருப்பு வெள்ளை ஃபோட்டோவ குடுத்துட்டு பாசத்துல "அரக்கு கலர் பட்டுப்புடவை"ன்னு எழுதிட்டாரு, மூணாவது செகண்ட்ல புடவை மட்டும் மெதுவா செவக்க ஆரம்பிச்சுது, மத்ததெல்லாம் கருப்பு வெள்ளையாவே இருக்கு, பாக்கவே பயமா இருந்துச்சு.

வர்ணிக்க வேண்டிய ஒரே எடம், ஆள அடையாளம் காட்டறதுக்கு. ஃபோட்டோல ரெண்டு பேர் இருந்தா "அவங்க சிரிக்கறாங்க"ன்னா யாருன்னு அதுக்குத் தெரியாது. "இடது பக்கம் நிக்கற பொண்ணு", "வலது பக்கம் தலைப்பாகை வச்சவர்", இவ்ளோ போதும்.

இப்ப அந்த எக்ஸ்ட்ரா கை. அந்தக் காலத்து ஸ்டுடியோ ஃபோட்டோல மாலை இடுப்பு வரைக்கும் தொங்கும், ஒரு கை அதுக்குப் பின்னாடி போயிருக்கும், இன்னொரு கை பாதிதான் தெரியும். அப்பா திரும்பறாரு, கட்டிப்புடிக்கறாருன்னா அந்த மறைஞ்ச கைய மாடல் எங்கேந்தாவது கொண்டு வந்தாகணும், கொண்டு வந்துச்சு, ஆனா மாலைக்குப் பின்னாடி ஏற்கனவே ஒண்ணு இருக்கறத மறந்துடுச்சு. மூக்குத்தியும் இதே கதைதான். தலை கொஞ்சம் அதிகமா திரும்பினா மறுபக்க மூக்கு எப்படி இருக்கும்னு அது ஊகிக்கணும். பல்லும் அப்படியே! அம்மா ஃபோட்டோல வாய மூடிட்டு நிக்கறாங்கன்னா அவங்க பல்வரிசை எப்படி இருந்துச்சுன்னு உலகத்துல எந்த மாடலுக்கும் தெரியாது, "சிரிக்கணும்"னு சொன்னா யார் பல்லையோ எடுத்து வச்சுடும், மூஞ்சி மாறுன மாதிரி தெரியறதுக்கு பாதி காரணம் அந்தப் பல்லுதான். அதனால உங்க ஃபோட்டோல என்ன தெரியுதோ அதுக்குள்ளேயே அசைவு இருக்கணும்: உதட்ட திறக்காம லேசா ஒரு புன்னகை, ஒரு தடவ கண் சிமிட்டறது, மூச்சு விடும்போது மாலை லேசா ஏறி எறங்கறது, காதுப் பக்கம் மல்லிச்சரம் துளி ஆடறது. பழைய ஃபோட்டோக்கு இதுவே ஜாஸ்தி. 2021-ல மைஹெரிடேஜ்ங்கற குடும்ப வரலாறு வெப்சைட் விட்ட, பழைய ஃபோட்டோவ அசைய வைக்கற டீப் நாஸ்டால்ஜியா ஞாபகம் இருக்கா, அப்ப ப்ராம்ப்ட்டே கெடையாது, முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்ச தலையசைவ எடுத்து எல்லா மூஞ்சிலயும் ஒட்டும், அதான் எல்லார் வீட்டு தாத்தாவும் ஒரே மாதிரி தலைய சாச்சு பாத்தாங்க. அந்த சின்ன அசைவுக்கே அன்னிக்கு எத்தன பேர் அழுதாங்க.

ப்ராம்ப்ட்டுக்கு முன்னாடி ஃபோட்டோவ கவனிங்க. சுவத்துல மாட்டற ஃப்ரேமோட, கண்ணாடியோட மொபைல்ல எடுத்திருந்தா ட்யூப்லைட் வெளிச்சம் அதுல விழுந்திருக்கும், மாடல் அத நெஜமான வெளிச்சம்னு நெனச்சு ஆட விடும். ஃபோட்டோவ வெளிய எடுத்து, பகல் வெளிச்சத்துல, நேர் வெயில் படாம, ஃப்ளாஷ் அணைச்சுட்டு நேரா மேலேர்ந்து எடுங்க, பக்கத்து ஜெராக்ஸ் கடைல ஸ்கேன் பண்ணா இன்னும் நல்லது. பூஞ்சைப் புள்ளி, கீறல் இருந்தா மொதல்ல சுத்தம் பண்ணிடுங்க. நான் ஒருதடவ சோம்பேறித்தனத்துல அப்படியே குடுத்து, எங்க பெரியப்பா தலைல அந்தப் புள்ளியெல்லாம் பனி மாதிரி கொட்டுச்சு, மனுஷன் திருவாரூர தாண்டுனதில்ல. சுத்தம் பண்ற ஆப்பும் மூஞ்சிய மெழுகு பொம்மையாக்கிடும், அதனால புள்ளிய மட்டும் எடுங்க, மூஞ்சிய "ஷார்ப்" பண்ணாதீங்க.

மூஞ்சி எவ்ளோ பெருசா இருக்குங்கறதும் முக்கியம். இந்த மாடல்ல நெறைய, படத்த அப்படியே வச்சுக்காம நீளத்துலயும் அகலத்துலயும் எட்டுல ஒரு பங்கா சுருக்கித்தான் உள்ள வேலை பாக்குது. குரூப் ஃபோட்டோல ஒரு மூஞ்சி 40 பிக்ஸல், அதாவது 40 புள்ளி அகலம்னா உள்ள அது அஞ்சே கட்டம். அஞ்சு கட்டத்துல சித்தப்பாவையும் மாமாவையும் எப்படி பிரிச்சு வச்சுக்கும்? அதனால முப்பது பேர் நிக்கற ஃபோட்டோவ முழுசா குடுக்காதீங்க, அப்பா அம்மா மட்டும் இடுப்பு வரைக்கும் வர்ற மாதிரி கட் பண்ணுங்க. எந்த சைஸ்ல வீடியோ வேணுமோ அந்த அளவுக்கு நீங்களே கட் பண்ணிடறது நல்லது, இல்லன்னா அது தலைய வெட்டும், இல்ல ஓரத்துல இல்லாத சுவத்தையும் ஜன்னலையும் வரைஞ்சு விடும்.

சரி, ப்ராம்ப்ட். நான் மொதல்ல கேமராவ எழுதுவேன், அப்புறம் ஆளு, அப்புறம் சுத்தி இருக்கறது, கடைசில வேகம். உங்க கல்யாண ஃபோட்டோக்கு நான் எழுதறதா இருந்தா இப்படி:

"கேமரா ஸ்டாண்டுல வச்ச மாதிரி ஆடாம நிக்குது. இடது பக்கம் நிக்கற பொண்ணு ஒரு தடவ மெதுவா கண் சிமிட்டறா, அப்புறம் வாய் மூடினபடியே உதட்டோரம் லேசா புன்னகை வருது. வலது பக்கம் நிக்கற ஆண் நேரா பாத்துட்டே இயல்பா மூச்சு விடறார், தோளும் மாலையும் ரொம்ப லேசா ஏறி எறங்குது. ரெண்டு பேரும் நின்ன எடத்துலயே, கை இருந்த எடத்துலயே இருக்கு. பின்னாடி இருக்கற ஸ்டுடியோ திரைச்சீலை அப்படியே இருக்கு. கருப்பு வெள்ளை டோன் கடைசி வரைக்கும் அதே. எல்லா அசைவும் மெதுவா, ஒரே ஷாட்."

கவனிச்சீங்களா, "கட்டிப்புடிக்கக் கூடாது", "கை வரக்கூடாது"ன்னு ஒரு எடத்துலயும் போடல. நெறைய மாடலுக்கு இந்த "கூடாது" சரியா ஏறாது, கட்டிப்புடிக்கறதுங்கற வார்த்தைதான் மண்டைல நிக்கும், போய் அதையே பண்ணிடும். தூங்குற கொழந்தைகிட்ட போய் முழிச்சுக்காதேன்னு சொல்ற மாதிரி. வேண்டாததுக்கு பதிலா என்ன வேணுமோ அத சொல்லுங்க, கை இருந்த எடத்துலயே இருக்குன்னு. கிளிங்ங்கற வீடியோ ஏஐ மாதிரி சிலதுல வேண்டாததுக்குன்னே தனியா ஒரு பாக்ஸ் இருக்கு, அங்க மட்டும் "கூடுதல் கை, முகம் மாறுதல், வாய் திறத்தல்"னு வெறும் பேரா போடலாம். ஸ்டுடியோ திரைச்சீலைய சொன்னதுக்கும் காரணம் இருக்கு, அந்தத் துணில வரைஞ்ச மரம், தூண், பால்கனி இதெல்லாம் நெஜம்னு நெனச்சு எல காத்துல ஆட ஆரம்பிச்சுடும்.

"சந்தோஷமா"ன்னு எழுதறத விட ஒடம்புல என்ன நடக்குதுன்னு எழுதறது எப்பவும் நல்லா வேலை செய்யும். சந்தோஷம்னா உதட்டோரமா, கண்ணோரம் சுருங்கறதா, தலை குனியறதா? உங்க அம்மா அன்னிக்கு வெக்கப்பட்டு கண்ண கீழ தாழ்த்துனாங்கன்னு சொல்லிருக்காங்களா, அத எழுதுங்க. அப்புறம் "சினிமா மாதிரி"ங்கற வார்த்தைய பழைய ஃபோட்டோக்கு போடவே போடாதீங்க, கேமரா நகர ஆரம்பிக்கும், கலர் டோன் மாறும். கேமரா நகரணும்னு ஆசையா இருந்தா "மெதுவா முன்னாடி போகுது"ன்னு மட்டும், சுத்தி வர்றதெல்லாம் கேட்டீங்கன்னா அவங்க பின்னந்தலை வரைக்கும் அது கற்பனை பண்ணணும்.

தமிழ்ல எழுதலாமா? எழுதலாம், நெறைய டூல் புரிஞ்சுக்குது, ஆனா இந்த மாடலெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ் விவரணையோட படிச்சு வளந்தது, அதுவும் கேமரா வார்த்தைல இங்கிலீஷ்தான் கரெக்ட்டா ஏறுது. தமிழ்ல தெளிவா எழுதி சாட்ஜிபிடி கிட்டயோ ஜெமினி கிட்டயோ "வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல மாத்து, எதையும் சேக்காத"ன்னு சொல்லுங்க. அந்தக் கடைசி வார்த்தை முக்கியம், இல்லன்னா அது பாட்டுக்கு தங்க நிற வெளிச்சம், பறக்குற பூவிதழ்னு சேத்து விட்டுடும்.

இன்னொரு விஷயம், நேரம் ஆக ஆக மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிட்டே போகும், 2 செகண்ட்ல அம்மா, 5 செகண்ட்ல அம்மாவோட தங்கச்சி, 10 செகண்ட்ல யாரோ. கிளிங், லூமா மாதிரி சிலதுல மொத ஃப்ரேம், கடைசி ஃப்ரேம் ரெண்டும் நாம குடுக்கலாம். ரெண்டுலயும் உங்க ஃபோட்டோவயே குடுங்க! எங்க சுத்துனாலும் கடைசில அம்மா மூஞ்சிக்கே அது திரும்பி வந்தாகணும், அதனால வழியிலயும் ரொம்ப தூரம் போகாது. சில சமயம் ரெண்டும் ஒண்ணுதானேன்னு எதுவுமே அசையாம உக்காந்துடும், அப்ப கண் சிமிட்டற வரிய இன்னும் அழுத்தி எழுதுங்க. இந்த வசதி இல்லாத டூல்னா 5 செகண்ட் எடுத்து, நல்லா இருக்கற மொத 3 செகண்ட மட்டும் வெட்டி வச்சுக்கோங்க. தப்பு வந்துச்சுன்னா ப்ராம்ப்ட்ட முழுசா மாத்தாதீங்க, ஒரு தடவைக்கு ஒரு வரிய மட்டும் மாத்துங்க, க்ரெடிட் காலியாகறதே எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு எதால கெட்டுதுன்னு தெரியாம முழிக்கறதாலதான்.

ஸ்கூட்டர் ஃபோட்டோ. "அப்பா ஸ்கூட்டர் ஓட்டிட்டு போறாரு"ன்னு போட்டா அவர் ஃப்ரேம விட்டு வெளிய போயிடுவாரு, இல்ல சக்கரம் சுத்தாம வழுக்கிட்டு போகும். பக்கவாட்டுல எடுத்த ஃபோட்டோன்னா "கேமரா ஸ்கூட்டரோட அதே வேகத்துல பக்கத்துலயே கூட வருது, சக்கரம் சுத்துது, பின்னாடி ரோடும் மரமும் பின்னால போகுது, சட்டைக் காலர் காத்துல படபடக்குது, ஓட்டறவர் பார்வை நேரா ரோட்டுல"ன்னு எழுதுங்க. கேமரா கூடவே வந்தா அப்பா ஃப்ரேம்ல இருந்த எடத்துலயே இருப்பாரு, மூஞ்சி மாறாது, புதுசா வரைய வேண்டியது ரோடு மட்டும்தான், அது எப்படி வந்தாலும் யாரும் கேக்கப் போறதில்ல. ஸ்டாண்ட் போட்டு நிக்கற ஸ்கூட்டர்னா ஓட்டவே வேணாம், ஒரு கை ஸ்கூட்டர் கண்ணாடிய தொடுது, போதும்.

சத்தம், கூகுளோட வியோ 3 மாதிரி மாடல் சத்தமும் சேத்தே குடுக்கும். மியூட் பண்ணிடுங்க, அது ஊதற நாதஸ்வரத்த கும்பகோணத்துல ஓட விட்டா மேடைல இருக்கற வித்வான் எழுந்து போயிடுவாரு. ஃபோட்டோல இப்ப இல்லாதவங்க யாராவது, உங்க தாத்தாவோ பாட்டியோ இருந்தா அவங்கள அசைய வைக்கறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட தனியா ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, பேச மட்டும் வைக்காதீங்க, அவங்க சொல்லாதத நாம சொல்ல வைக்க வேணாம்னு எனக்குத் தோணுது.

மண்டபத்துல ஓட்டும்போது ஒரிஜினல் ஃபோட்டோவ ஒரு 4 செகண்ட் அப்படியே நிறுத்துங்க, எல்லாரும் "அட அந்த ஃபோட்டோ"ன்னு பாத்துட்டு இருக்கும்போது அம்மா கண் சிமிட்டணும். அதுக்கு முந்தின நாள் ராத்திரி பெரிய டிவில போட்டு மூக்குத்தி எந்தப் பக்கம் இருக்குன்னு ஃபோட்டோவோட ஒருதடவ ஒப்பிட்டு பாத்துடுங்க, நீங்க விட்டாலும் மொத வரிசைல உக்காந்திருக்கற உங்க அத்தை விடமாட்டாங்க.