வாசகர் கேள்வி–பதில்: ஏட்டுத் தாயும் வீட்டுத் தாயும்

கேள்வி: எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. சிறு வயது முதலே கதைகளை விரும்பிப் படிப்பவள் நான். தாய்மையைப் பற்றி இத்தனை படித்திருந்தும், நள்ளிரவில் மூன்றாவது முறையாக எழுந்து உட்காரும்போது எனக்குள் பொங்கும் எரிச்சலைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லி வைக்கவில்லை. நான் படித்தவையெல்லாம் பொய்யா, அல்லது என்னிடம்தான் ஏதாவது குறையா?

பதில்: உங்களிடம் எந்தக் குறையும் இல்லை, அம்மா. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் படித்தவையும் பொய்யல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மகனோ மகளோ இருந்த இடத்திலிருந்து எழுதப்பட்டவை. மடியில் படுத்திருப்பவருக்குத் தெரிகிற முகத்தை அவை அழகாக வரைந்தன. மடிக்கு உரியவளின் கால் மரத்துப்போனது அவற்றின் கண்ணில் படவில்லை.

புறநானூற்றின் 188ஆம் பாடலை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தரையில் இட்டும், தொட்டும், வாயால் கவ்வியும், துழாவியும், உடம்பெல்லாம் சிதறிக்கொண்டும் நம்மை மயக்குகிற குழந்தை இல்லாதவர்க்கு, வாழும் நாளில் பயனே இல்லை என்கிறான் பாண்டியன் அறிவுடை நம்பி. குழந்தையின் அசைவுகளை இவ்வளவு நெருங்கி நின்று பார்த்த கவிதைகள் மிகக் குறைவு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பாடல் இது. ஆனால் அந்தச் சோற்றைப் பிசைந்து கொடுத்தவரும், பிறகு குனிந்து தரையைத் துடைத்தவரும், பிசுபிசுத்த அந்த உடம்பைக் கழுவிவிட்டவரும் பாட்டுக்குள் இல்லை. 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒரு தாயையே பேச வைக்கிறார். அங்கேயும் அவளுடைய கடமை 'ஈன்று புறந்தருதல்' என்ற இரண்டே சொற்களில் முடிந்து, அடுத்த அடியில் பேச்சு தந்தைக்கும், பின்னர் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் போய்விடுகிறது. 'புறந்தருதல்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் நீங்கள் இப்போது கடந்துகொண்டிருக்கிற இரவுகள் அத்தனையும் இருக்கின்றன. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க இலக்கியத்துக்கு வெகு காலம் பிடித்தது.

பிரித்துப் பார்த்தவர்கள், குழந்தையை வளர்த்துக்கொண்டே எழுதிய பெண்கள்தாம். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் மகளைப் பெற்ற பின் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். முழு ஓய்வுதான் மருந்து, எழுதுகோலையே தொடக்கூடாது என்றார் மருத்துவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'மஞ்சள் சுவர்க்காகிதம்' என்ற சிறுகதை 1892இல் வெளிவந்தது. சன்னலில் கம்பி போட்ட மாடி அறையில் ஓய்வுக்கென்று வைக்கப்பட்ட இளம் தாய் ஒருத்தி, சுவரில் ஒட்டிய காகிதத்தின் கோலங்களை நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, அதற்குள் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக நம்பத் தொடங்குகிறாள். அவளுக்குக் குழந்தை இருக்கிறது என்பதே ஓரிரு வரிகளில்தான் வருகிறது. குழந்தையோடு இருந்தால் தனக்குப் படபடப்பு கூடிவிடுகிறது என்று அவளே சொல்கிறாள். பச்சை உடம்புக்காரியின் மனமும் புண்பட்டிருக்கலாம் என்று யாரும் எண்ணாத காலத்தில் வந்த கதை அது. இன்று உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி, புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரில் 100 பேருக்கு ஏறத்தாழ 13 பேர் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள்.

தூக்கம் கெட்டவருக்கு வருகிற எரிச்சல் இயல்பானது. ஆனால் அதோடு காரணமில்லாத அழுகையும், எதிலும் பற்றில்லாத வெறுமையும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இந்த இடத்தில் எந்தப் புத்தகமும் மருத்துவருக்கு ஈடாகாது.

கேள்வி: இப்போது பெண்கள் எழுதுகிற பல நூல்களில் தாய்மை வெறும் சுமையாக மட்டுமே வருகிறது. இரண்டு பிள்ளைகளின் தந்தையான எனக்கு அதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. இது மிகையில்லையா?

பதில்: வெறும் சுமையாக மட்டும் காட்டுகிற நூல் நல்ல நூலாக இருக்காது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நீங்கள் குறிப்பிடுகிற வரிசையின் முக்கியமான நூல்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்று மகன்களின் தாயான கவிஞர் ஏட்ரியன் ரிச், 1976இல் வெளியிட்ட தம் நூலின் தொடக்கத்தில் பழைய நாட்குறிப்பு ஒன்றைத் தருகிறார். பிள்ளைகள் மீது பொங்கும் கசப்பும், அவர்களால் கிடைக்கும் பேரின்பமும் மாறி மாறி வந்து தம்மை அலைக்கழிப்பதை அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிள்ளையோடு ஒரு தாய் அடைகிற அனுபவம் வேறு. தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உலகம் வகுத்து வைத்த அமைப்பு வேறு என்பது அவருடைய வாதம். அவர் கோபம் முழுவதும் இரண்டாவதன் மீதுதான்.

நைஜீரியாவில் பிறந்த புச்சி எமெச்செட்டா, ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக லண்டனில் வளர்த்துக்கொண்டே எழுதியவர். 1979இல் வந்த அவருடைய நாவலுக்கு 'தாய்மையின் மகிழ்ச்சிகள்' என்று பெயர். அதன் நாயகி ந்னு எகோ, பிள்ளைகளே தன் முதுமைக்குக் காப்பு என்று நம்பித் தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல் வளர்க்கிறாள். கடைசியில் வழியோரத்தில், பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளையின் கைகூட இல்லாமல் உயிர் விடுகிறாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கூடி அவளுக்குச் செய்கிற இறுதிச் சடங்கு மிகச் சிறப்பாக நடக்கிறது. இந்த முடிவில் பிள்ளைகள் மீது வெறுப்பு எதையும் நான் காணவில்லை. அவளை வணங்கியவர்கள் அவள் உயிரோடிருந்த நாளில் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே என்ற வேதனைதான் அதில் இருக்கிறது. தந்தையான நீங்கள் அந்த வேதனையைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு மூன்றாவது முறை குழந்தை அழும்போது யார் எழுகிறார்கள் என்பது, மேலே எழுதிய வாசகியின் வீட்டில் மட்டும் எழுகிற கேள்வி அல்ல.

கேள்வி: மறைந்த என் அம்மாவை மனத்தில் வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். எழுத எழுத அவர் தியாகத் திருவுருவாகவே ஆகிவிடுகிறார். அவர் அப்படி மட்டும் இருந்தவர் அல்லர். என்ன செய்வது?

பதில்: இதை நீங்களே உணர்ந்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையை மறுபடி எடுத்துப் படியுங்கள். மகளின் கண்ணுக்குத் தெய்வம் போல ஒளிர்ந்த அம்மா, மகள் தன்னை மிகவும் நாடிக் காத்திருந்த நேரத்தில், சட்டென்று ஒரு கடுஞ்சொல் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவளுடைய வாயில் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதும் நமக்குத் தெரிகிறது. அதனால் மகளுக்காக நோகிற மனம் அம்மாவுக்காகவும் நோகிறது. உங்கள் அம்மா உங்களைக் காயப்படுத்திய ஒரு நாளை எழுதிப் பாருங்கள். அவரைக் குறைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சன், நான்கு மகள்களின் தாய். துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டே, 19 வயது மூத்த மகளைப் பற்றித் தனக்குள் பேசிக்கொள்கிற ஒரு தாயின் கதையை அவர் எழுதினார். வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் குழந்தையைப் பிறரிடம் விட்டது, மகளைப் பார்த்துச் சிரிக்க மறந்தது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. கதை முடியும்வரை இஸ்திரிப்பெட்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. நின்று நிதானமாக யோசிக்க அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்கள் அம்மா எதையாவது யோசித்தபோது அவருடைய கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவருடைய சகோதரிகளோ தோழியரோ இருந்தால் நேரில் போய், உங்களைப் பெறுவதற்கு முந்தைய ஆண்டில் அவர் என்ன செய்ய நினைத்திருந்தார் என்று கேளுங்கள். முதல் நாள், அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மறு நாளும் போய் உட்காருங்கள்.