மஸ்டாங், கமாரோ: இந்த இரண்டு அமெரிக்கக் கார்களுக்கும் ஏன் இத்தனை பகை?

ஃபோர்டு முந்திக்கொண்டதுதான் காரணம். 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அடியில் இருந்தது பெரும்பாலும் சாதாரண ஃபால்கன் காரின் பாகங்கள். நீண்ட பானெட்டும் குட்டையான பின்பக்கமும்தான் ஆளை மயக்கின. (பிளைமவுத் பாரக்குடா என்ற இதே பாணிக் கார் அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்தது. பாவம், யாரும் கண்டுகொள்ளவில்லை.)

ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு கமாரோவை இறக்கியபோது 1966 செப்டம்பர் ஆகிவிட்டது. கமாரோ என்றால் என்ன என்று நிருபர்கள் கேட்க, 'மஸ்டாங்குகளைத் தின்னும் சின்ன, கொடூரமான மிருகம்' என்று பதில் வந்தது. சண்டைக்கு இழுப்பது என்றால் இதுதான்.

நிஜமான மோதல் டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில். அங்கே இன்ஜின் கொள்ளளவு 5 லிட்டரை, அதாவது சுமார் 305 கன அங்குலத்தை, தாண்டக் கூடாது. கமாரோவைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவு ஆட்கள் செய்த வேலையைப் பாருங்கள்: தங்கள் 327 கன அங்குல இன்ஜின் பிளாக்கில் பழைய 283 கன அங்குல இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பொருத்தினார்கள். கிடைத்தது 302 கன அங்குலம், வரம்புக்குள் கச்சிதமாக. அந்த இன்ஜின் போட்ட கமாரோதான் இசட்/28. விதிப்படி பந்தயக் காரைக் கடையிலும் விற்றாக வேண்டும் என்பதால் பொதுமக்களுக்கும் கிடைத்தது. 1966, 67-இல் பட்டம் வென்ற மஸ்டாங்கிடமிருந்து 1968, 69-இல் கமாரோ அதைப் பறித்தது; ஓட்டியவர் மார்க் டோனஹ்யூ. ஃபோர்டு 'பாஸ் 302' என்ற மஸ்டாங்கைக் கொண்டுவந்து 1970-இல் பழிதீர்த்தது.

பிறகு புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடி என்று இரண்டுமே வலுவிழந்தன. கமாரோ 2002-இல் நின்று, 2009-இல் திரும்பி, 2024 மாடலோடு மறுபடி நின்றுவிட்டது. மஸ்டாங் உற்பத்தி மட்டும் இடைவெளியின்றித் தொடர்கிறது. என்னைக் கேட்டால், பந்தயத் தடத்தில் கடைசித் தலைமுறைக் கமாரோதான் மேல். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் வெளியே சரியாகத் தெரியாது, அவ்வளவு சின்ன ஜன்னல்கள்.