எலிசாவின் ஏர்மாடுகள்

அன்புள்ள அக்கா,

அம்பாறை மாவட்டத்தில் ஒரு சபையில் உதவி ஊழியனாக இருக்கிறேன். பெரிய பாஸ்ரர் சபைக்கு முன்னாலேயே என்னை ஏசுவார். மைக் சத்தம் போட்டாலும் ஏச்சு, ஜெபத்தில் வசனம் மாறினாலும் ஏச்சு. "என்ட பாஸ்ரர் என்னை இதைவிட மோசமா நடத்தினவர், அதாலதான் நான் இண்டைக்கு இந்த இடத்தில நிக்கிறன்" என்பார். அம்மாவுக்கு ஒப்பரேசன் நடந்த கிழமை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போக விடவில்லை. எலியா தீர்க்கதரிசியின் கைக்குத் தண்ணீர் வார்த்த சீஷன் எலிசா வீட்டைத் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டார். போன ஞாயிறு ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு பிள்ளை வசனம் பாடமாக்காமல் வந்தாள். ஏசிவிட்டேன். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவருடைய சொற்கள். சபையை விட்டுப் போவது பாவமா? இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

விட்டுப் போவது பாவமில்லை. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தச் சின்னப்பிள்ளை. எங்கள் மாமி காலமானதிலிருந்து நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமி கல்லாற்றில் இருந்தவர். மாமாவை 1990இல் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. பல வருடம் கழித்து அயலில் ஓலைக் கொட்டில் போட்டு ஒரு சபை தொடங்கினார்கள். அங்கே வந்த இளம் பாஸ்ரர் சைக்கிளில் வீடுவீடாகப் போவான். மாமி வீட்டுத் திண்ணையில் இருந்து மாமாவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். அதுவரை ஊரில் யாரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. அதற்காகவே மாமி சபைக்குப் போகத் தொடங்கினார்.

பிறகு அவனை ஒரு பெரியவரிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் வேறு ஆள். அந்தப் பெரியவர் யாரையும் ஏசத் தொடங்குமுன் மோதிரவிரலால் மைக்கை இரண்டு தரம் தட்டுவார். இவனும் தட்டினான். அவர் செருமுவது போலவே செருமினான். நகை போட்டவர்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லை என்றான். மாமியிடம் இருந்தது மாமா வாங்கிக் கொடுத்த ஒரு சோடித் தோடு. கழற்றினார். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு அடுத்த திருவிருந்துக்குப் போனார். தட்டு வரிசையில் வந்து மாமிக்கு முன்னால் நின்றது. அவன் குனிந்து காதைப் பார்த்தான். "மனசில இன்னும் கழட்டல்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனான்.

அவன் செய்ததைவிட எனக்கு ஆறாதது பக்கத்தில் இருந்த பெண்கள் செய்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் காதைத் தடவிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை மாமியின் வாசலுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

கடுமையாக வளர்த்தால்தான் ஊழியக்காரன் உருவாவான் என்று உங்கள் பாஸ்ரர் மட்டுமா சொல்கிறார்? எல்லாரும் சொல்கிறார்கள். சரி, உருவானது என்ன? மேலே இருந்து அடி வாங்கினவன் மேலே திருப்பி அடிக்கமாட்டான், கீழே இருக்கிறவர்களைத்தான் அடிப்பான். புருசன் இல்லாதவள், வசனம் பாடமில்லாத பிள்ளை, காணிக்கைக்குக் காசில்லாத கூலிக்காரன். அதுவும் எந்த மண்ணில்? 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் 158 பேரைக் கொண்டுபோனார்கள். 2004 சுனாமியில் மட்டக்களப்பு நாவலடியைக் கடல் வழித்துக்கொண்டு போனது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் எத்தனை பேர் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள்! எங்கள் சனம் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் சபைக்குள் வருகிறது. அவர்களை இன்னும் பயமுறுத்துவதற்கு ஆள் பயிற்றுவிப்பது என்ன ஊழியம்?

இனி எலிசா. இதை நான் லேசில் விடமாட்டேன், இந்த ஒரு வசனத்தை வைத்து எத்தனையோ பொடியன்களின் முதுகை ஒடித்துவிட்டார்கள். எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தவன் என்பது வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொன்னவன் இஸ்ரவேல் ராஜாவின் ஊழியக்காரன் ஒருவன், எலிசா இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்காக. அப்படி வார்த்தால்தான் அபிஷேகம் என்று எலியா ஓரிடத்திலும் சொல்லவில்லை. உங்கள் பாஸ்ரர் முதலாம் இராஜாக்கள் 19ஐயும் திறந்து பார்க்கட்டும். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுகிற வயலில் நின்ற எலிசாவின்மேல் எலியா, தன் பின்னால் வர அழைக்கும் அடையாளமாக, சால்வையைப் போடுகிறார். அவன் மாடுகளை விட்டுவிட்டு ஓடிவந்து, அப்பாவையும் அம்மாவையும் முத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று கேட்கிறான். போய்த் திரும்பி வா என்கிறார் எலியா. யார் இந்த எலியா? பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேரைப் பிடித்துக் கீசோன் ஆற்றங்கரையில் வெட்டினவர். அவ்வளவு கடுமையான மனிதர்கூட அம்மாவிடம் போகவேண்டும் என்ற பிள்ளையை மறிக்கவில்லை. எலிசா போய், ஓர் ஏர்ச் சோடி மாடுகளை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, சனத்துக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் அவர் பின்னால் போனான்.

எலியாவுக்கு அந்த மனசு எங்கிருந்து வந்தது? அதே அதிகாரத்தின் தொடக்கத்தை வாசியுங்கள். உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்துக் கிடக்கிறார். தூதன் வந்து ஒரு வார்த்தை ஏசவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்புகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறார், படுக்க விடுகிறான். பிறகும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி. தான் அப்படி நடத்தப்பட்டதால்தான் எலிசாவை அவரால் அப்படி வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

பெரியவர் தலைமேல் நிற்காவிட்டால் இளையவர்கள் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு இன்னொன்று. இலங்கைக்கு மெதடிஸ்த மிஷனரிகளைக் கூட்டிவந்த தோமஸ் கோக் 1814இல் கப்பலிலேயே இறந்துபோனார். காலியில் இறங்கிய இளைஞர்கள் யார் எந்த ஊருக்குப் போவது என்று தங்களுக்குள் பேசித் தீர்த்தார்கள். வில்லியம் ஓல்ட், அதே பயணத்தில் மனைவியையும் பறிகொடுத்தவர், தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த வருடமே இறந்துவிட்டார். அவர் தொடக்கிவைத்த பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றைக்கும் நடக்கிறது.

இனி உங்களை ஏசப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் முழுக்க உங்கள் காயம்தான். அந்தப் பிள்ளை அழுதாளா, வீட்டுக்குப் போய் என்ன சொன்னாள், ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிறு, அவளை யாருக்கு முன்னால் ஏசினீர்களோ அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு ஒரு டொபியைக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பெரிய பாஸ்ரர் ஏசினால் ஏசட்டும். அவரும் யாரிடமோ அடிபட்டு வளர்ந்த பிள்ளைதான், அவருக்காக ஜெபியுங்கள். ஆனால் அவர் செய்வது சரி என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். அவர் சிபாரிசுக் கடிதம் தராவிட்டால் எனக்கு எழுதுங்கள், தரக்கூடிய போதகர்களை எனக்குத் தெரியும். அதற்கு முதல் அம்மாவிடம் போங்கள். போகட்டுமா என்று கேட்கவேண்டாம், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள். ஒரு கிழமை நின்று, சமைத்துக் கொடுத்து, அடுத்த கிளினிக்குக்கும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா