நடுவானில் வழிகாட்டும் கருவி பழுதானால் என்ன செய்வார்கள்?

கேள்வி: துபாயில் கணவரைப் பார்த்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், "நேவிகேஷன் கருவியில் கோளாறு, துபாய்க்கே திரும்புகிறோம்" என்றார்கள். திரும்பியும் உடனே இறக்கவில்லை. ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றினோம். வழி தெரியாமல் சுற்றுகிறார்கள் என்று பக்கத்து சீட்காரர் சொன்னதும் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். மே மாதம் மறுபடியும் போக வேண்டும். எங்கள் ஊர் ஏஜென்ட், 'ஜிபிஎஸ் பிரச்சினை இல்லாத ரூட்' என்று கொழும்பு வழியாக எடுக்கச் சொல்கிறார். ஆளுக்கு 9,000 ரூபாய் கூடுதல். எடுக்கலாமா?
– கும்பகோணம் வாசகி

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற விமானி

எடுக்காதீர்கள் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தப் பக்கத்து சீட்காரரைக் கவனிப்போம்.

அவர்கள் வழி தெரியாமல் சுற்றவில்லை, எடையைக் குறைக்கச் சுற்றினார்கள். ஏர்பஸ் 320 சுமார் 78 டன் எடையோடு கிளம்பலாம். ஆனால் இறங்கும்போது 66, 67 டன்னுக்குள் இருக்க வேண்டும். சென்னை வரைக்கும் ஊற்றிய எரிபொருள் அப்படியே இருக்கிறது. அந்த ரக விமானத்தில் அதை வெளியே கொட்ட வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு இரண்டு, இரண்டரை டன் போகும். உள்ளே தீ, புகை என்றால் எடையாவது ஒன்றாவது, அப்படியே இறக்கிவிடுவோம். அதற்கு அனுமதி உண்டு. சுற்றினார்கள் என்றாலே உடனே இறக்கியாக வேண்டிய அவசரமில்லை என்று அர்த்தம். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பேரோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்ததும் இதற்காகத்தான். டிவிக்காரர்கள் அன்றைக்கு என்ன பாடு படுத்தினார்கள்!

அடுத்து, வழி. ஜிபிஎஸ் என்பது விமானத்துக்கு இருக்கும் பல கண்களில் ஒன்று. உங்களை ஏற்றி வந்தது போன்ற ஜெட் விமானங்களில் இனர்ஷியல் என்ற கருவி இரண்டோ மூன்றோ இருக்கும். அதற்கு வெளியிலிருந்து எந்த சிக்னலும் வேண்டாம். கரண்ட் போன இருட்டில் நம் வீட்டுச் சமையலறைக்கு நடக்கிறோமே, எத்தனை அடி வைத்தோம், எங்கே திரும்பினோம் என்ற கணக்கில், அதே வேலைதான். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வரை பிசகலாம். தரையிலிருந்து திசையும் தூரமும் காட்டும் விஓஆர், டிஎம்இ என்ற ரேடியோ நிலையங்கள் அந்தப் பிசகைத் திருத்தும். ரேடார் எட்டும் இடத்தில் தரையிலிருக்கும் கன்ட்ரோலரே "இந்தத் திசையில் திருப்பு" என்று சொல்லிக் கூட்டிப் போய்விடுவார்.

கருவி பழுதாவது வேறு, வெளியிலிருந்து சிக்னலைக் கெடுப்பது வேறு. உங்கள் ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார். ஜிபிஎஸ் சிக்னல் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மெலிந்து வருகிறது. தரையிலிருந்து அதை அமுக்குவதும், அதன் இடத்தில் பொய் சிக்னல் அனுப்புவதும் சுலபம். பொய் சிக்னல் வந்தால் காக்பிட் மேப்பில் விமானம் திடீரென்று வேறெங்கோ நிற்கும். கடிகாரம் தாவும். 35,000 அடியில் போகும்போதே "மலை, மேலே ஏறு" என்று கருவி கத்தும். விமானிகளில் ஒருவர் விமானத்தை மட்டும் பிடித்துக்கொள்வார். மற்றவர் செக்லிஸ்ட்டை வரி வரியாகப் படித்து, கணினிக்குப் போகும் ஜிபிஎஸ்ஸைத் துண்டிப்பார். அந்த மாதிரி பகுதிக்குள் நுழையும் முன்பே துண்டித்துவைப்பதும் உண்டு.

பிறகு ஏன் திரும்பினார்கள்? துபாயைத் தாண்டினால் அரபிக்கடல். நடுக்கடலில் ரேடார் கிடையாது, ஒவ்வொரு விமானமும் சொல்லும் இடத்தை நம்பித்தான் விமானங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள். இருக்க வேண்டிய கருவியில் ஒன்று குறைந்தால் அங்கே நுழையக் கூடாது. தவிர, என்ஜினியரும் உதிரி பாகமும் துபாயில் இருக்கிறார்கள், கடலில் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில சின்ன விமான நிலையங்களில் இறங்குவதற்கே ஜிபிஎஸ்தான் துணை. எஸ்டோனியாவின் டார்ட்டு அப்படிப்பட்டது. 2024 ஏப்ரல் 25, 26 ஆகிய இரண்டு நாளும் ஃபின்ஏர் விமானங்கள் அங்கே இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்கே திரும்பின. ஜிபிஎஸ் இல்லாமல் இறங்க வழி செய்யும்வரை ஒரு மாதம் சேவையையே நிறுத்திவைத்தார்கள். அங்கேயும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, வீடு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சென்னையிலும் துபாயிலும் ஐஎல்எஸ் என்ற, இறங்க வழிகாட்டும் ரேடியோ கருவி இருக்கிறது. ஓடுபாதை ஓரத்திலிருந்தே சிக்னல் வரும், வானத்தை நம்பியில்லை. அந்த ஐஎல்எஸ்ஸே கைவிட்ட கதையும் உண்டு: 2018 செப்டம்பரில் டெல்லியிலிருந்து நியூயார்க் போன ஏர் இந்தியா 101-இல் ஐஎல்எஸ் உட்படப் பல கருவிகள் போய்விட்டன. மேகமோ மிகத் தாழ்வு, எரிபொருளும் குறைவு. வேறு வழியைப் பிடித்து, பக்கத்திலிருந்த நெவார்க்கில் பத்திரமாக இறக்கினார்கள்.

இனி ஏஜென்ட். கொழும்பு போனாலும் துபாய்க்கு அதே அரபிக்கடலைத்தான் தாண்ட வேண்டும், அதே வளைகுடாவில்தான் இறங்க வேண்டும். இதற்கு 9,000 ரூபாயா? ஜிபிஎஸ் குறுக்கீடு வந்த இடங்களில் சென்னையும் உண்டு என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே அமைச்சர் சொல்லிவிட்டார். அன்றன்றைக்கு எந்த வழி என்பதை விமான நிறுவனம் முடிவு செய்யும். டிக்கெட் விற்பவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இதைவிடப் பெரிய பொறி பிஎன்ஆர், அதாவது டிக்கெட்டின் பதிவுக் குறியீடு. இப்படி 'ஸ்பெஷல் ரூட்' விற்கிறவர்கள் பலர் இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டிக் கொடுக்கிறார்கள். முதல் விமானம் உங்களுக்கு நடந்ததுபோல் திரும்பிவிட்டால், இரண்டாவது நிறுவனம் 'பயணி வரவில்லை' என்று எழுதிவிடும். பணம் போச்சு. என் மைத்துனர் மகன் இப்படித்தான் ஒரு விமான நிலையத்தில் இரண்டு ராத்திரி கிடந்தான். பெட்டி ஓர் ஊரில், ஆள் ஓர் ஊரில். ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. பணம் கொடுக்கும் முன் பிஎன்ஆரைக் கேளுங்கள். தனித்தனி டிக்கெட்டுக்கு இரண்டு ஆறெழுத்துக் குறியீடு நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடந்த தாமதத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு என்றும் ஒருவர் வருவார். அவர் வேண்டாம். போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு, திரும்பியதற்கான காரணத்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'தொழில்நுட்பக் காரணம்' என்று ஒற்றை வரி வரும். முப்பது வருடமாக இதே வரிதான்! ஜிபிஎஸ் குறுக்கீடு என்றால் விமானி பத்து நிமிடத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உத்தரவு போடத் தெரிந்த விமானத் துறைக் கட்டுப்பாட்டாளர் டிஜிசிஏவுக்கு, உள்ளே உட்கார்ந்திருந்த பயணிக்கு ஒரு பத்தி எழுதச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒற்றை வரியை ஏற்காமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.