எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் பாட்டை இன்னும் ஏன் கேட்கிறார்கள்?

கனடா பாடகர் கோர்டன் லைட்ஃபுட், மூழ்கிப்போன ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி 1976-ல் பாடிய 'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' பாட்டுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மிச்சிகனுக்கு வேலைக்கு வந்த முதல் நவம்பரில், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். ரேடியோவில் இந்தப் பாட்டு ஓடியது. வாசலுக்கு வந்த பிறகும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை, பேசவும் இல்லை. பாட்டு முடிந்த பிறகுதான், தன் தாத்தா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்த்தவர் என்றார். எனக்குப் பாதி வரிகள் புரியவில்லை. ஆனாலும் நடுவில் இறங்கிப் போக மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். 729 அடி நீளக் கப்பல். 1958-ல் தண்ணீரில் இறங்கியபோது, அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஐம்பெரும் ஏரிகளில் ஓடிய கப்பல்களிலேயே அதுதான் பெரியது. 1975 நவம்பர் 10 அன்று, சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு, அந்த ஏரிகளில் ஒன்றான சுப்பீரியரில் புயலில் மாட்டியது. மாலை ஏழு மணி தாண்டி, பின்னால் வந்த கப்பலிடம் "சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்று கேப்டன் ரேடியோவில் சொன்னார். அதோடு சரி. கப்பல் மூழ்கி, அதில் இருந்த 29 பேரும் போய்விட்டார்கள். ஓர் உடல்கூட மீட்கப்படவில்லை. இந்த ஏரி இறந்தவர்களைத் திருப்பித் தராது என்று பாட்டில் வருவது வெறும் கவிதை இல்லை. உடல் அழுகி வாயு சேர்ந்தால்தான் மேலே மிதக்கும். அந்த ஆழத்துக் குளிரில் அது நடப்பதில்லை.

லைட்ஃபுட் இதை ஒரு வாரப் பத்திரிகையில் படித்தார். அடுத்த மாதமே டொரண்டோவில் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். ஆறரை நிமிடம், பல்லவியே கிடையாது. ஒரே மெட்டு சரணம் சரணமாகத் திரும்பத் திரும்ப வரும், அலை வந்து மோதுகிற மாதிரி. ரேடியோவுக்கு ஒத்து வராத நீளம்தான். ஆனாலும் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

மெட்டு மட்டும் காரணம் என்றால் அந்தக் காலத்து எத்தனையோ நல்ல ஃபோக் ராக் பாட்டுகளோடு இதுவும் பழைய பாட்டாகியிருக்கும். என்னைக் கேட்டால், லைட்ஃபுட் இதைத் தன் சொத்தாக நினைக்காமல் அந்த 29 குடும்பங்களுக்குப் பட்ட கடனாக நினைத்தார், அதனால்தான் நிற்கிறது. பாட்டில் டெட்ராய்ட்டின் மாலுமிகள் தேவாலயத்தை 'பூசணம் பிடித்த பழைய கூடம்' என்ற பொருளில் எழுதியிருந்தார். அங்கே வழிபடும் ஒருவர் அப்படி இல்லையே என்று சொன்னதும், மேடையில் அந்த வார்த்தையை மாற்றிப் பாட ஆரம்பித்தார். இன்னொன்று இதைவிடப் பெரியது. சரக்கு அறையின் மேல்மூடி உடைந்தது என்று ஒரு வரி. மூடிகள் சரியாக அடைத்துக்கொள்ளாததுதான் காரணம் என்று 1977-ல் கடலோரக் காவல்படை அறிக்கையும் சொன்னதால், ஊழியர்கள்தான் சரியாகப் பூட்டவில்லை என்ற பழி அவர்கள் குடும்பங்கள் மேல் நிழலாக விழுந்தது. பின்னால் வந்த ஓர் ஆவணப்படம் பெரிய அலைகளே காரணமாக இருக்கலாம் என்று காட்ட, 2010-ல் அந்த வரியையே எடுத்துவிட்டு, இருட்டிக்கொண்டு வந்தது என்று பாடினார். உலகமே மனப்பாடம் செய்த வரியை 34 வருடம் கழித்து மாற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்? அப்படி மாற்றியவர் என்பதாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

கப்பலின் மணியை 1995-ல் மேலே எடுத்துவந்தார்கள். அதற்குப் பதிலாக 29 பெயர்கள் பொறித்த இன்னொரு மணியைக் கீழே வைத்தார்கள். 2023 மே 1 அன்று லைட்ஃபுட் இறந்தார். மறுநாள் அந்தத் தேவாலயத்தில் மணி 30 முறை அடித்தது.

இதுவரை கேட்காதவர்கள், சுருக்கிய வடிவத்தை விட்டுவிட்டு 'சம்மர்டைம் ட்ரீம்' ஆல்பத்தில் உள்ள முழுப் பாட்டைக் கேளுங்கள். அப்புறம், 2010-க்குப் பிறகு அவர் மேடையில் பாடிய பதிவு ஒன்றையும் தேடிக் கேளுங்கள். குரல் மிகவும் தேய்ந்திருக்கும், ஆனால் மாற்றிய வரி அதில்தான் இருக்கிறது.