மின்மினியின் நியாயம் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த முறை டெலியா ஓவன்ஸின் 'வேர் த கிராடாட்ஸ் சிங்' நாவலை எடுத்துக்கொண்டோம். கூட்டம் ஏறக்குறையச் சண்டையில் முடிந்தது. ஆறு வயதில் தாய் விட்டுப்போய், சில ஆண்டுகளில் தகப்பனும் போய்விட, கயா என்ற சிறுமி சதுப்பு நிலத்தில் தன்னந்தனியாக வளர்ந்து நூலாசிரியை ஆவதெல்லாம் நம்பும்படி இல்லை, இது பெரியவர்களுக்கான தேவதைக் கதை என்றார் ஒருவர். கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றார் இன்னொருவர். கோடிப் பேர் வாங்கிய புத்தகம் இலக்கியமாக இருக்காது என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆசிரியரின் ஆப்பிரிக்க வாழ்க்கை பற்றிய ஒரு செய்தியைக் காட்டி, இதை வாசித்ததே தவறு என்றவரும் உண்டு.

நான் அழுதபடி வாசித்தேன். அதை அங்கே சொல்லவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. கொலை வழக்கிலிருந்து நீதிமன்றம் கயாவை விடுவித்தபோது மகிழ்ந்தேன். கொன்றவள் அவள்தான் என்று பின்னால் தெரிந்தபோதும் மகிழ்ச்சிதான் வந்தது. ஒரு கொலையை அறிந்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். இது எப்படிச் சரியாகும்?

அன்புடன்,
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

இந்த நாவலைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் உங்களுடைய கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முடிவை மறைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுத முடியாது. நாவலை இன்னும் வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும்.

விற்பனையைப் பற்றிப் பேசியவருக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2018இல் நாவல் வந்தபோது ஓவன்ஸுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அதுவரை அவரை விலங்கியலாளராகத்தான் தெரியும். அது அவருடைய முதல் நாவல். நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் தன் வாசகர் வட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார், ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது, 2022இல் திரைப்படமாகவும் வந்தது. இவையெல்லாம் புத்தகத்துக்கு வெளியே நடந்தவை. உங்கள் நண்பர் தன் தீர்ப்புக்குச் சான்றாக நாவலிலிருந்து ஒரு பக்கத்தையாவது எடுத்துக்காட்டினாரா?

நம்பகத்தன்மை பற்றிய புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. கதை நடக்கும் பார்க்ளி கோவ் வட கரோலினாவின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் கற்பனை ஊர். அங்கிருப்பவர்கள் ஆஷ்வில்லுக்குப் பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போய்வருகிறார்கள். ஆஷ்வில் அந்த மாநிலத்தின் மேற்கே மலைக்குள் இருக்கிறது. அமெரிக்க வாசகர்கள் பலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுமியின் தனிமையை நம்ப எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை ஓவன்ஸ் வெறும் உணர்ச்சியால் நிரப்பிவிட்டுப் போகவில்லை. விடியுமுன் சிப்பி பொறுக்கி, மற்றவர்களை முந்திக்கொண்டு படகுத்துறைக்குப் போய் அங்கே கடை வைத்திருக்கும் ஜம்பினிடம் விற்கிறாள். அந்தக் காசு படகுக்குப் பெட்ரோலாகவும் வயிற்றுக்குச் சோளக்கஞ்சியாகவும் மாறுகிறது. பள்ளிக்கு ஒரே ஒரு நாள் போகிறாள், அதுவும் அங்கே சூடான சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறகு பள்ளிக்கூடத்து ஆட்கள் தேடி வரும்போதெல்லாம் புதருக்குள் ஒளிந்துகொள்கிறாள். இருபத்தொன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாத குழந்தை அவள். இவ்வளவு கணக்காக எழுதப்பட்ட பசியைத் தேவதைக் கதைகளில் நான் பார்த்ததில்லை.

ஓவன்ஸ் 1974இல் போட்ஸ்வானாவுக்குப் போய் கலஹாரியில் பழுப்புக் கழுதைப்புலிகளையும் சிங்கங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பழுப்புக் கழுதைப்புலிகள் தம் குட்டிகளைப் பொது வளையில் சேர்ந்து வளர்ப்பவை. பெண்விலங்குகளின் கூட்டத்தைக் கூர்ந்து பார்த்த ஒருவர், கூட்டமே இல்லாத ஒரு பெண்குழந்தையை வைத்து நாவல் எழுதியிருக்கிறார். கயா கடற்பறவைகளுக்கு இரை போடும் பக்கங்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். அவை பறந்து போகும்போது அவளுக்கு வரும் பதற்றம் இயற்கையை ரசிப்பவருக்கு வரும் பதற்றம் அல்ல. அவள் காணும் ஒரே சுற்றம் கலைந்துபோகிறது. அந்த இடங்களில் ஓவன்ஸ் பெரிய எழுத்தாளர் என்று தயங்காமல் சொல்வேன்.

மனிதர்களிடம் வரும்போது அந்தக் கூர்மை போய்விடுகிறது. உங்கள் குழுவில் ஒருவரும் ஜம்பினையும் அவர் மனைவி மேபலையும் பற்றிப் பேசாதது எனக்கு வியப்பாக இருந்தது. கறுப்பினத்தவரான இந்தத் தம்பதியர் கயாவுக்குத் துணி கொடுக்கிறார்கள், விதை கொடுக்கிறார்கள், அவளுக்குத் தேவை வரும்போதெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கோபம், ஒரு ஆசை, அவளைத் தொடாத ஒரு கவலை நாவலில் இல்லை. 1960 பிப்ரவரியில் இதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். தெற்கு மாநிலங்கள் முழுவதும் அந்தப் போராட்டம் பரவியது. நாவலின் முக்கியக் கதை 1952 முதல் 1970 வரை ஓடுகிறது. அந்தக் கொந்தளிப்பின் ஒரு அலைகூட ஜம்பினின் படகுத்துறையைத் தொடவில்லை. ஒரு நண்டின் நடையை அத்தனை பொறுமையோடு பார்க்கும் கண், அந்த மனிதரின் முகத்தை ஒருமுறையாவது அப்படிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இந்த நாவல் மேல் இருக்கும் முதல் மனத்தாங்கல் இது.

இனி, ஏமாற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டு.

துப்புகளைப் பொறுத்தவரை ஓவன்ஸ் நேர்மையாகவே நடந்துகொள்கிறார். கயாவின் காதலனாக இருந்த சேஸ் ஆண்ட்ரூஸின் உடல் தீக்கண்காணிப்புக் கோபுரத்தின் அடியில் 1969இல் கிடைக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவன் கழுத்தில் எப்போதும் கிடந்த சிப்பிமாலை காணாமல் போனது, அவன் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த சிவப்புக் கம்பளி இழைகள், சுற்றிலும் ஒரு காலடித் தடமும் இல்லாதது எல்லாம் நம் கண்முன் வைக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மின்மினிகள். பெண் மின்மினி ஒன்று வேறு இனத்துப் பெண்ணைப்போல ஒளி சிமிட்டி, ஆசையோடு வரும் ஆணைப் பிடித்துத் தின்பதைக் கயா பார்க்கிறாள். அது கற்பனையல்ல. ஃபோட்டூரிஸ் என்ற பேரினத்து மின்மினிகள் இப்படி வேட்டையாடுவதை ஜேம்ஸ் லாயிட் என்ற பூச்சியியலாளர் 1965இலேயே எழுதியிருக்கிறார். 1997இல் தாமஸ் ஐஸ்னரின் குழு இன்னொன்றையும் கண்டது: தின்ற ஆண்களின் உடலில் இருக்கும் நச்சுப்பொருள் அந்தப் பெண் மின்மினியின் உடலில் சேர்ந்து சிலந்திகளிடமிருந்து அவளைக் காக்கிறது. பசி மட்டுமல்ல, தற்காப்பும் அதில் இருக்கிறது. கயா அதைப் பார்த்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது. எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அத்தியாயம் இன்னும் கனமாகிவிட்டது.

எனவே, கடைசியில் கயாவின் துணைவனான டேட் வீட்டுப் பலகைத் தளத்தின் அடியிலிருந்து அவள் எழுதிய மின்மினிக் கவிதையையும் சிப்பிமாலையையும் எடுக்கும்போது ஆசிரியர் புதிதாக எதையும் திணிக்கவில்லை. நாமே பார்த்துவிட்டுக் கடந்துபோனவைதான் அவை. ஆனால் உங்கள் நண்பர் சொல்ல வந்தது வேறாகவும் இருக்கலாம், அதை நான் ஏற்கிறேன். நாவல் முழுவதும் நாம் கயாவின் மனத்துக்குள் இருக்கிறோம். அவளுக்கு வலிப்பது, அவள் அஞ்சுவது எல்லாம் நமக்குத் தெரியும். கொலை நடந்த இரவில் மட்டும் கதைசொல்லி வெளியேறிவிடுகிறார். அவள் பதிப்பாசிரியரைப் பார்க்க கிரீன்வில்லுக்குப் பஸ் ஏறுகிறாள், திரும்பி வருகிறாள், நடுவில் வெற்றிடம். பின்னால் விசாரணைக் காட்சிகளில் அவள் மனம் நமக்குத் திறந்தே இருக்கிறது, ஆனால் அந்த இரவின் நினைவு ஒருமுறைகூட எழுவதில்லை. துப்புகளில் காட்டிய நேர்மை இந்த மௌனத்தில் இல்லை.

உங்கள் கேள்விக்கான பதிலும் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. கொன்றவள் அவள் என்று அறிந்தபோது உங்களுக்கு மகிழ்ச்சி வந்ததற்குக் காரணம், அந்த இரவில் உங்களைக் கோபுரத்தின் மேலே ஆசிரியர் அழைத்துப் போகவில்லை. ஒரு மனிதன் விழும் ஓசையை நீங்கள் கேட்கவில்லை. கேட்டது ஒரு கவிதையை. அதுவும் பல்லாண்டுகள் கழித்து, அவள் அமைதியாக இறந்து, நாம் அவளுக்காகக் கண்ணீர் விட்ட பிறகு. மின்மினி என்ற சொல் வந்ததுமே அந்தச் செயல் அழகாகிவிடுகிறது, பூச்சிகளுக்கு ஏது பாவம் என்று மனம் சமாதானம் ஆகிவிடுகிறது.

ஆனால் மின்மினி பஸ் நேரம் பார்ப்பதில்லை. வேடம் மாற்றிக்கொள்வதில்லை. அலை ஏறி இறங்கி எப்போது தடத்தை அழிக்கும் என்று கணக்கிடுவதில்லை. கயா செய்ததை ஒரு மனிதமனம்தான் செய்ய முடியும், அதுவும் வாசிக்கவும் கணக்கிடவும் கற்ற மனம். டேட் அவளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்த அத்தியாயம் நாவலின் மிக அழகான பகுதி. ஒரு வாக்கியத்துக்குள் இவ்வளவு அடங்கும் என்று தெரியாதே என அவள் வியக்கிறாள். அந்தக் கல்வியின் ஒரு கிளை சிப்பிகளைப் பற்றிய புத்தகமாக வளர்ந்தது. இன்னொரு கிளை அந்த இரவுக்குப் போனது. இரண்டும் ஒரே பெண்ணிடமிருந்து வந்தவை என்பதை ஓவன்ஸ் எழுதியிருந்தால் இந்த நாவல் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும்.

இன்னும் வருத்தம் என்னவென்றால், மின்மினியைவிட வலுவான காரணம் அவர் கையிலேயே இருந்தது. சேஸ் அவளைத் தாக்கி வன்புணர முயல்கிறான். அவள் அடித்து விரட்டித் தப்புகிறாள். காயத்தைப் பார்த்த ஜம்பின் ஷெரிஃபிடம் சொல்லச் சொல்கிறார். சதுப்புநிலத்துப் பெண்ணின் சொல்லை ஊரின் செல்லப்பிள்ளைக்கு எதிராக யார் நம்புவார்கள் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அது மிகையல்ல. அந்த ஊர் அவளை என்ன சொல்லி அழைத்தது என்று நமக்குத் தெரியும். அப்போதுதான் அவள் தன் தாயை நினைக்கிறாள். அடுத்த அடி எப்போது, எங்கே விழும் என்று காத்துக்கொண்டே வாழும் வாழ்க்கையைத் தான் ஒருநாளும் வாழப்போவதில்லை என்று முடிவெடுக்கிறாள். அதற்கு முன்பே, அவளுடைய புத்தகத்தைப் பார்த்துத் தேடி வந்த அண்ணன் ஜோடி அம்மாவின் கதையைச் சொல்லிவிட்டிருக்கிறான். கணவனின் அடியில் மனம் கலங்கி ஓடியவள் அவள். பிள்ளைகளைக் கேட்டுக் கடிதம் எழுதினாள், திரும்பி வந்தால் அவர்களை அடித்து நொறுக்குவேன் என்று தகப்பன் மிரட்டினான். கயா சிறுமியாக இருந்தபோது தகப்பன் எரித்த கடிதம் அதுதான். தன்னை விட்டுப்போன தாயை வாழ்நாள் முழுவதும் புரிந்துகொள்ள முடியாமல் தவித்த மகள், தன் முகத்தில் அடி விழுந்த நாளில் அவளைப் புரிந்துகொள்கிறாள். இந்த நாவலில் கயா உண்மையில் வளர்ந்து பெரியவளாகும் கணம் அதுதான் என்று நினைக்கிறேன். காதலில் அல்ல, நீதிமன்றத்தில் அல்ல.

உங்களுடைய மகிழ்ச்சி அந்தத் தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். யாரும் துணைக்கு வராத ஒரு பெண் இனி அஞ்ச வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. அதற்காக நீங்கள் கூச வேண்டாம். கொலையை நான் ஏற்கவில்லை. சேஸ் திட்டமிட்டுக் கொல்லப்பட்டான், அந்த உண்மையும் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் தாங்கும் அத்தியாயம் ஒன்று நாவலில் எழுதப்படவில்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த எழுதப்படாத அத்தியாயம் என்று தோன்றுகிறது.

ஆப்பிரிக்கச் செய்தி பற்றி. ஓவன்ஸும் அவருடைய அன்றைய கணவரும் ஜாம்பியாவில் யானைகளைக் காக்கும் பணியில் இருந்த காலத்தில், சட்டவிரோத வேட்டைக்காரர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவர் சுடப்படும் காட்சி 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் காட்டப்பட்டது. பத்திரிகையாளர் ஜெஃப்ரி கோல்ட்பர்க் 2010இல் அதை விரிவாக எழுதினார். தனக்கு அதில் தொடர்பில்லை என்று ஓவன்ஸ் சொல்லியிருக்கிறார். அது உண்மையில் இறந்துபோன ஒரு மனிதனின் வழக்கு. அதைப் புலனாய்வு செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும். ஒரு நாவலின் பாத்திரத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதுவது அந்த மனிதனுக்கும் நியாயமில்லை, நாவலுக்கும் நியாயமில்லை. செய்தியை அறிந்தபின் வாசிக்க மனம் ஒப்பாதவரை நான் வற்புறுத்தவும் மாட்டேன்.

உங்கள் குழு இந்த நாவலை இன்னொரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றால், சேஸ் தாக்கும் அத்தியாயத்தையும் ஜோடி திரும்பி வரும் அத்தியாயத்தையும் யாராவது உரக்க வாசிக்கட்டும். அழுததையும் இந்த முறை சொல்லிவிடுங்கள். ஏமாற்றிவிட்டார் என்று சொன்ன நண்பரிடம், அந்த இரவை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.